இடப்பக்கத்து ஆறாவது சக்கரம்

"பெட்டியில் ஏதேனும் பாகம் குறைந்திருந்தால், கீழே உள்ள அட்டையைக் கத்தரித்து, பாகத்தின் எண்ணை எழுதி எங்களுக்கு அனுப்பவும். அட்டை கிடைத்த முப்பது நாட்களுக்குள் அந்தப் பாகம் அனுப்பி வைக்கப்படும். அட்டையின் நகல் ஏற்கப்படாது."

விதி இவ்வளவுதான், மூன்று வாக்கியங்கள். ஜெர்மானிய டாங்கி ஒன்றின் சிறு மாதிரியைச் செய்வதற்கான செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தில், மிகப் பொடி ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. "முப்பது நாட்களுக்குள்" என்பதை நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டேன். காலக்கெடு சொல்லும் விதிகள் அரிது. சொல்லும் விதியை விட்டுவிடக் கூடாது என்பது என் அலுவலகப் பழக்கம்.

2004-ல் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தபோது, காணாமல் போனவர்களின் பட்டியலை எந்தப் படிவத்தில் தயாரிப்பது என்று தெரியாமல் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து, கட்டம் போட்டு, தலைப்பு எழுதிக் கொடுத்தேன். 2007-ல் என் மனைவி இறந்தபோது நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மேஜை என்று எல்லாம் எனக்கே தெரியும். காரியம் முடிவதற்குள் எல்லாச் சான்றிதழ்களும் கையில் இருந்தன. இவ்வளவு சீக்கிரம் வாங்கியவர் யாருமில்லை என்று உறவினர்கள் வியந்தார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அடுத்த வருடம், புதுச்சேரிக்கு விடுமுறையில் வந்த அவன் நண்பர் ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேல்மூடியில் மணலும், மணல் நிற டாங்கியும், அதன் மூடியிலிருந்து இடுப்பளவு வெளியே நின்ற ஓர் அதிகாரியும். உலகப் போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியர்கள் ஓட்டிய வண்டி. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, சாயம் அடிக்க வேண்டும்.

"இந்த ஊர்ல ரிட்டயர் ஆனவங்க இதத்தாம்பா பண்றாங்க. நேரம் போவும்" என்று மகன் தொலைபேசியில் சொன்னான்.

நேரம் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. பீரோவில் அவன் அம்மாவின் புடவைகள் இருந்த தட்டு காலியாக இருந்தது. பெட்டியை அதில் வைத்தேன்.

முதல் வருடத் திதிக்கு மச்சான் சிதம்பரத்திலிருந்து வந்தார். என் மனைவிக்கு ஒரே தம்பி, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். துண்டு எடுக்க பீரோவைத் திறந்தவர் பெட்டியோடு வெளியே வந்தார்.

"என்னா மாமா இது? அக்கா புடவ வச்ச எடத்துல குண்டு போடற வண்டி?"

"பையன் அனுப்பினது. நீ வேணா எடுத்துக்கோ."

அவர் பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய், முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு அருகில் வைத்து அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. கேட்டேன்.

"சுகரு கண்ணுக்கு ஏறிடுச்சி மாமா. பாண்டில லேசர் வச்சிக்கினு இருக்கேன். இன்னும் ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு வருசம்ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க வீட்டுல தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

சொல்வதற்கான வாக்கியங்கள் எனக்குத் தெரியும். சென்ற வருடம்தான் எல்லோரும் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

அவர் பெட்டியைத் தட்டினார். "முப்பது வருசமா வரையறேன் மாமா. எல்லாம் போர்டுல. பெல் அடிச்சா அடுத்த வாத்தியார் வந்து அழிச்சிடுவாரு. நான் பண்ணதுன்னு கையில எடுத்துப் பாக்க ஒண்ணும் இல்ல. இதப் பண்ணுவோமா? நீங்க ஒட்டுங்க, நான் கலர் அடிக்கறேன். கண்ணு போறதுக்குள்ள ஒண்ண முழுசாப் பாத்துடணும்."

இப்படித்தான் அது தொடங்கியது. டாங்கி சிதம்பரத்துக்குப் போனது. நான் சனிக்கிழமைதோறும் காலைப் பேருந்தில் போய் மாலையில் திரும்பினேன். மேல வீதிக்குப் பின்னால் அவர் வீடு, மாடியில் பூசாத சுவர்களோடு ஓர் அறை, கிழக்கே ஒரு ஜன்னல். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் அலுவலக நேரம்.

முதல் சனிக்கிழமை ஒட்டும் வேலை எதுவும் நடக்கவில்லை. நான் பாகங்களைச் சரிபார்த்தேன். பொருள் வந்தால் முதலில் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மச்சான் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள் வரிசையாகக் காய்த்துத் தொங்கின, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். வலப்பக்கம் ஆறும் இருந்தன. இடப்பக்கத்தில் ஐந்து. ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் காம்பு மட்டும் இருந்தது.

"பாத்தியா?" என்றேன். சரிபார்ப்பு என்பது எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு சிறு திருப்திகூட இருந்தது.

செய்முறைத் தாளில் விதியைக் கண்டுபிடித்தேன். இனி அந்த அட்டையைக் கத்தரிக்க வேண்டும். அங்கேதான் நான் நின்றேன்.

அட்டையின் பின்பக்கத்தில், டாங்கியின் பக்கவாட்டில் எண்களை எங்கே ஒட்டுவது என்ற படத்தில் பாதி இருந்தது. ஆனால் அது காரணமில்லை. முப்பத்தைந்து வருடத்தில் நான் ஓர் அசலைக்கூடக் கையை விட்டு அனுப்பியதில்லை. அசலைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்க வருடக்கணக்கில் அலைந்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். சிலர் நின்றதற்கு நானே காரணம். நகல் ஏற்கப்படாது என்ற மூன்றாவது வாக்கியத்தையும் படித்தேன். அப்படிப் போடாத படிவத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாப் படிவமும் அப்படித்தான் சொல்லும். அது வெறும் நகலைச் சொல்வது. சான்றொப்பம் பெற்ற நகல் வேறு.

கடலூரில் என் பிரிவில் உதவியாளராக இருந்து இப்போது அதிகாரியாகிவிட்ட ஒருவரிடம் அட்டையின் நகலோடு போனேன். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நகலைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னா சார்?"

"பாகம் கோரும் அட்டை."

"எந்தத் திட்டத்துல சார்?"

"திட்டம் இல்ல. டாங்கி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் அவரை அப்படித்தான் பழக்கியிருந்தேன். பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். "அசல் என் வசம் உள்ளது, கோரப்பட்டால் சமர்ப்பிக்கப்படும்" என்று ஆங்கிலத்தில் ஒரு முகப்புக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில், பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினேன். கோப்பு ஒன்று தொடங்கினேன். மூன்று வாரத்தில், யாரோ ஒருவர் புரியாத எழுத்தில் இட்ட கையெழுத்தோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. மச்சானிடம் காட்டினேன்.

"போய்ச் சேந்துடுச்சி. இனி முப்பது நாள்."

"அப்பறம் என்னா" என்று அவர் தூரிகையைத் தட்டினார்.

மற்ற வேலைகளைப் பார்த்தோம். நகவெட்டியால் துண்டுகளை நறுக்கினேன், உப்புத்தாளில் தேய்த்தேன், ஒட்டினேன். செய்முறைத் தாளின் வரிசையை மீறவில்லை. மச்சான் முதலில் பள்ளிக்கூடத்து போஸ்டர் கலரை அடித்துப் பார்த்தார். அது பிளாஸ்டிக்கில் நிற்காமல் தோல் தோலாக உரிந்தது. பிறகு இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமல் வாங்கி, மஞ்சளும் வெள்ளையும் ஒரு சொட்டுப் பழுப்பும் சேர்த்து, குப்பி குப்பியாகக் கலக்கினார். செய்முறைத் தாளில் சொன்ன மணல் நிறத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இது மணலு இல்ல மாமா, பிஸ்கட்டு. அச்சடிச்சவன் மணலையே பாத்ததில்ல. எனக்கு நெஜ மணலு வேணும். கடல் மணலு வேணாம், அதுல கருப்பு ஜாஸ்தி. திருவந்திபுரத்துல ஆறு காஞ்சி கெடக்கு பாருங்க, அது."

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். மொட்டையடித்துக்கொண்ட குடும்பங்கள் சந்தனம் பூசிய தலைகளோடு கோயிலுக்குப் படியேறிக்கொண்டிருந்தன. நான் ஆற்றில் இறங்கிக் குனிந்து மணலை அள்ளியபோது, கரையில் நின்ற ஒருவர் தர்ப்பைக் கட்டோடு அருகில் வந்தார்.

"யாருக்கு சார் பண்ணணும்? அம்மாவா, அப்பாவா?"

"யாருக்கும் இல்ல."

"சம்சாரமா?" என்றார் அவர், என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து.

அந்தச் செய்முறையெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் பாட்டிலை மூடிக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

மச்சான் அந்த மணலைக் காகிதத்தில் பரப்பி ஜன்னலில் வைத்து, நான்கு சனிக்கிழமைகள் கலந்து, ஐந்தாவதில் நிறத்தைப் பிடித்தார். மேல்பகுதிக்கும் வலப்பக்கத்துக்கும் அடித்து, குழிகளில் பழுப்பை வழியவிட்டு, விளிம்புகளில் காய்ந்த தூரிகையால் வெளிறிய மஞ்சளைத் தொட்டார். பிளாஸ்டிக் மறைந்து இரும்பு வந்தது. நான் பாராட்டும் வழக்கமுள்ளவன் அல்ல. "ஆட்சேபணை இல்ல" என்றேன். அவர் சிரித்தார்.

முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. நான் முதல் நினைவூட்டை அனுப்பினேன். 2009 பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, மச்சான் வலப்பக்கச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மாமா, இத மெழுகுல அழுத்தினா அச்சு கெடச்சிடும். பைப் ஓட்டையில அடைக்கற மாவு இருக்குல்ல, அத ரொப்பினா கல்லு மாதிரி ஆயிடும். ரெண்டு நாள் வேல. செஞ்சிடட்டா?"

"வேணாம்."

"ஏன்?"

"மனு நிலுவைல இருக்கு. நாமளே செஞ்சிட்டா அந்தக் கோரிக்கைக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். அவுங்க அனுப்பியே ஆவணும். விதி இருக்கு."

"அவுங்க அனுப்பலன்னா?"

"ரெண்டாவது நினைவூட்டு அனுப்புவேன்."

அவர் சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். "சரி மாமா" என்றார். அவர் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அக்காவின் கணவர் என்ற மரியாதை அந்த வீட்டில் அக்கா போன பிறகும் குறையவில்லை.

அப்படியானால் இடப்பக்கத்துக்குச் சாயமாவது அடித்துவிடலாமா என்று கேட்டார். சக்கரம் பொருத்துவது எட்டாம் படி, சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டுவது ஒன்பது, சாயம் அதற்குப் பின்தான். எட்டு முடியாமல் மேலே போவது முறையல்ல என்றேன். வலப்பக்கத்தில் அந்த முறையை நானே பார்த்து முடித்திருந்ததால், எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. டாங்கி ஒரு பக்கம் பாலைவனமாகவும் மறுபக்கம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவும் அலமாரியில் நின்றது.

மகன் தொலைபேசியில், "ஒரு சக்கரத்துக்கு இத்தன லெட்டரா? நான் வேற பெட்டி ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன்பா" என்றான். தேவையில்லை என்றேன். காரணத்தை விளக்கியபோது மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமைகளில் செய்ய வேலை இல்லாமல் போனது. ஆனாலும் போனேன். மச்சான் மனைவி காபியோடு மாடி ஏறி வருவார். அவருக்கு வாயைக் கட்டிப் பழக்கமில்லை.

"ஏண்ணே, பண்ருட்டில பலாப்பழ லாரி நின்னுடுச்சின்னா ஒரு போன்ல ஸ்டெப்னி வருது. உங்க வண்டிக்கு ரெண்டு வருசமா ஒரு சக்கரம் வரல. அந்த ஜெர்மன்காரன் இப்படி லெட்டர் எழுதிக்கினு இருந்துதான் தோத்தானா?"

"சும்மா இருடி" என்றார் மச்சான்.

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க கண்ணு சும்மா இருக்குதா?"

அதன் பிறகு நாங்கள் மூவரும் காபி குடித்தோம்.

கண் சும்மா இருக்கவில்லை. 2010-ல் அவர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது, மேடையில் தனக்குப் போட்ட சால்வையின் நிறத்தை என்னிடம் கேட்டார். அடுத்த வருடம் தூரிகையைக் குப்பியில் தோய்க்கப்போய் மேஜையில் தோய்த்தார். பேருந்தில் திரும்பும்போது இதையெல்லாம் நான் தேதிவாரியாக மனதில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது நினைவூட்டு, நான்காவது நினைவூட்டு. ஒவ்வொன்றின் ஒப்புகை அட்டையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. நான்காவதில் "மிக அவசரம்" என்று மேலே எழுதினேன். அவசரத்துக்கான காரணத்தை எழுதவில்லை. காரணம் கேட்கும் பத்தி அந்த அட்டையில் இல்லை.

2011 தீபாவளியன்று மச்சான் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். "அவருக்கு வெளக்கு தெரியலண்ணே" என்றார். நான் சரி என்றேன். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார்.

டிசம்பர் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் மரம் என்று எதுவும் நிற்கவில்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. என் வீட்டுப் பின்கட்டின் ஓடுகள் பக்கத்துத் தெருவில் கிடந்தன. கோப்பு பீரோவில் நனையாமல் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு பேருந்துகள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் சிதம்பரம் போனேன். வழியெல்லாம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

மச்சான் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே, "வாங்க மாமா" என்றார். டாங்கியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் வலப்பக்கத்தில் விரலை ஓட்டி ஆறுவரை எண்ணினார். திருப்பி இடப்பக்கத்தில் எண்ணினார். ஐந்தாவதைத் தாண்டியதும் விரல் பள்ளத்தில் இறங்கி நின்றது.

"இன்னும் வரலியா?"

"வரல."

அவர் மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். திறந்தேன். பஞ்சுக்கு நடுவில் ஒரு சக்கரம். சாம்பல் நிற மாவில் செய்தது. நடுவில் போல்ட்டுகள்கூட ஒன்று விடாமல் இருந்தன.

"எப்ப செஞ்ச?"

"அன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போனீங்க பாருங்க, அடுத்த வாரம். பாத்துப் பாத்துச் செஞ்சேன். நல்லா வந்துச்சி."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் மனு நிலுவைல இருக்குன்னீங்களே மாமா" என்றார். குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் அது அந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது. நான் சனிக்கிழமைதோறும் அதற்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

சக்கரத்தைப் பொருத்தினேன். அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டையைச் சுற்றி மாட்டினேன். பத்து நிமிட வேலை. டாங்கியைத் திரும்ப அவர் கையில் கொடுத்தேன். அவர் மறுபடி எண்ணி, ஆறாவதில் விரலை நிறுத்தினார்.

"மத்ததோட ஒத்துப் போவுதா மாமா?"

"எது நீ செஞ்சதுன்னு தெரியல."

"இந்தப் பக்கம் கலரு?"

"அடிக்கல. நீ கலந்து வச்சது குப்பில காஞ்சி போச்சி. நான் புதுசா வாங்கியாந்து..."

"உங்களுக்கு அந்தக் கலரு வராது மாமா. உடுங்க. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

மச்சான் மனைவி காபியோடு வந்தார். டாங்கியைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பியதும் கோப்பில் "கோரிக்கை கைவிடப்பட்டது" என்று எழுதி மூடியிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். அவர் டாங்கியைக் கேட்கவில்லை, நான் எடுத்துக் கொடுக்கவுமில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தபால்காரர் ஓர் உறையைக் கொண்டுவந்தார். புயலில் என் கதவின் எண் பலகை போய்விட்டதால் விசாரித்துக்கொண்டு வந்தாராம். வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே ஒற்றைத் தாள், நான்கு வரி. என் கடிதங்களுக்கு நன்றி. தாமதத்துக்கு வருந்துகிறார்கள். விதிப்படி நகல் ஏற்கப்படாது. அட்டையின் அசலை அனுப்பினால் பாகம் உடனே அனுப்பி வைக்கப்படும்.

அசல், கத்தரிக்காத அந்தக் கடைசிப் பக்கத்தோடு, கோப்பில் இருந்தது. மடிப்புக் கலையாமல், "முப்பது நாட்களுக்குள்" என்பதன் கீழே என் சிவப்புக் கோட்டோடு. கடிதத்தை அதன் மேல் வைத்துத் தைத்தேன். வலது மேல் மூலையில், வழக்கம்போல், வந்த தேதியைக் குறித்தேன்: 19.3.2012.